வாடகை வீட்டு வாசலில் ஓர் இலத்தீன் சொல்



பாஸ்கா காலம் வந்தால் நாங்கள் வீடு மந்திரிக்கப் புறப்படுவது வழக்கம். ஓசூர் சிப்காட்டை ஒட்டிய தெருக்களில் பெரும்பாலும் லைன் வீடுகள்தாம். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடு, பத்து வீடு. வாசலுக்கு வாசல் செருப்புகள், தண்ணீர்க் குடங்கள், சுவரோரம் நிறுத்திய பைக். நைட் ஷிப்ட் முடித்தவர் உள்ளே தூங்குவார். பகல் ஷிப்டுக்குப் போகிறவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு வீட்டு வாசலில் நின்றபோது அந்த வீட்டம்மா கைகூப்பி, சற்றுக் கூச்சத்தோடு சொன்னார்: "சாமி, இது வாடகை வீடுங்க. ஊர்ல சொந்த வீடு கட்டிட்டிருக்கோம். அது முடிஞ்சதும் மந்திரிச்சுக்கலாம்னு இருக்கோம்."

"எத்தனை வருசமா இங்க இருக்கீங்கம்மா?"

"பதினேழு வருசம் ஆச்சுங்க சாமி."

அவர் பிள்ளைகள் இருவரும் ஓசூரில் பிறந்தவர்கள். இங்கேயே திருமுழுக்குப் பெற்று, இங்கேயே புதுநன்மை வாங்கி, இங்கேயே பள்ளிக்கூடம் போகிறவர்கள். ஆனாலும் வீடு என்றால் அது இன்னும் "ஊரில்"தான் இருக்கிறது. இந்தப் பதில் அந்த அம்மா ஒருவருடையது மட்டும் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ வாசல்களில் நாங்கள் இதைக் கேட்கிறோம். ஆகவே இன்று வீடு என்ற சொல்லைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம். அதற்கு ஓர் இலத்தீன் சொல் நமக்குத் துணை செய்யும்.

அந்தச் சொல் 'தோமுஸ்'. வீடு மந்திரிக்கும் பழைய இலத்தீன் சடங்கில், வாசலை மிதித்ததும் குருவின் வாயில் வரும் முதல் வாழ்த்தில் இந்தச் சொல் இருக்கிறது. இயேசு தம் சீடர்களை அனுப்பியபோது, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அமைதியை வாழ்த்தச் சொன்னாரே, அதே வாழ்த்துதான். உடன் நிற்பவர் சொல்லும் பதில், அங்கே குடியிருக்கும் எல்லாருக்கும் அந்த அமைதியை விரித்துக் கொடுக்கிறது. குடியிருப்பவர் என்றுதான் சடங்கு சொல்கிறது. பத்திரம் யார் பெயரில் என்று அது கேட்பதில்லை.

இலத்தீனில் வீட்டைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. 'ஏதேஸ்' என்றால் கட்டடம். 'தெக்தும்' என்றால் கூரை. 'வில்லா' என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை வீடு. 'காசா' என்றால் குடிசை. 'தோமுஸ்' இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது. அது சுவரையும் கூரையையும் மட்டும் சொல்லவில்லை; அங்கே வாழும் மனிதரையும் சேர்த்துச் சொன்னது. பிரெஞ்சு மொழியியல் அறிஞர் எமில் பென்வெனிஸ்ட், இந்தச் சொல்லின் பழம்பொருள் கட்டடம் அல்ல, ஒன்றாக வாழும் குடும்பமே என்று 1969-இல் வெளியான தம் நூலில் வாதாடினார்.

திருத்தூதர் பணிகள் நூலே இதற்குச் சான்று. 16-ஆம் அதிகாரத்தில் பவுல் பிலிப்பி நகருக்குப் போகிறார். அங்கே லீதியா என்ற பெண்மணி நற்செய்தியைக் கேட்டு மனம் திறக்கிறார். அவரும் அவர் 'தோமுஸ்'ஸும் திருமுழுக்குப் பெற்றதாக இலத்தீன் விவிலியம் கூறுகிறது. சுவருக்கு யாரும் திருமுழுக்குக் கொடுப்பதில்லை. ஆக 'தோமுஸ்' என்றால் வீட்டார்.

அந்த லீதியா யார்? பிலிப்பி அவருடைய சொந்த ஊர் அல்ல. தியத்திரா நகரைச் சேர்ந்தவர். செந்நிறத் துணி வணிகம் செய்ய வந்த இடத்தில் தங்கியவர். நம் பேச்சில் சொன்னால், பிழைக்க வந்தவர். அவர்தான் பவுலை வற்புறுத்தித் தம் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தங்க வைத்தார். ஐரோப்பிய மண்ணில் பவுலின் போதனையைக் கேட்டு மனம் மாறியவராகத் திருத்தூதர் பணிகள் பெயர் சொல்லும் முதல் ஆள் அவரே. அவர் சொந்த ஊருக்குத் திரும்பி வீடு கட்டி முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நற்செய்தி காத்திருக்கவில்லை.

இந்தச் சொல்லின் உறவுகள் நம் வீடுகளுக்குள்ளேயும் இருக்கின்றன. கிரேக்கத்தில் 'தோமொஸ்', சமஸ்கிருதத்தில் 'தம்' என்று வீட்டைக் குறிக்கும் சொற்கள் ஒரே வேரில் பிறந்தவை. அந்தத் 'தம்'மோடு தலைவன் என்று பொருள்படும் 'பதி' சேர்ந்தது 'தம்பதி'. வீட்டுக்குத் தலைவன் என்பது அதன் முதற்பொருள். பின்னர் கணவன் மனைவி இருவரையும் சேர்த்துக் குறித்தது. கல்யாண மண்டப வாசலில் மணமக்களைத் தம்பதியர் என்று வாழ்த்திப் பேனர் கட்டுகிறோமே, அந்தச் சொல்லுக்குள் ரோமாபுரியின் 'தோமுஸ்'ஸுக்கு உடன்பிறந்தது ஒளிந்திருக்கிறது.

'தோமுஸ்'ஸில் பிறந்த இன்னொரு சொல் 'தோமினுஸ்'. இலத்தீன் பூசை கண்ட நம் பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். ஆண்டவர் என்று நாம் பொருள் கொள்ளும் இந்தச் சொல்லுக்கு முதற்பொருள் வீட்டுத் தலைவர். ஆண்டவருடைய நாள் என்பதால் ஞாயிறு 'தொமினிக்கா' ஆயிற்று. தொமினிக் என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரோமாபுரியின் 'தோமுஸ்' எல்லாருக்கும் கிடைத்த வீடு அல்ல. அதில் தலைவர் ஒருவர். அவருக்குக் கீழே மனைவி, மக்கள், அடிமைகள். அடிமைகளும் அந்த வீட்டைச் சேர்ந்தவர்களே, ஆனால் அவர்களுக்கென்று ஒரு மூலைகூடச் சொந்தமில்லை. நகரத்தின் பெருங்கூட்டம் வாழ்ந்தது 'இன்சுலா' எனப்பட்ட பல மாடி வாடகைக் கட்டடங்களில். நான்காம் நூற்றாண்டுப் பட்டியல்கள் ரோமையில் 1,700-க்கு மேற்பட்ட 'தோமுஸ்'களையும் 40,000-க்கு மேற்பட்ட 'இன்சுலா'க்களையும் கணக்குக் காட்டுகின்றன. ஒண்டுக் குடித்தனம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

காலம் இந்த ஏற்றத்தாழ்வைத் தலைகீழாக்கியது. பேரரசு சரிந்து, இலத்தீனிலிருந்து புதிய மொழிகள் கிளைத்தபோது, சாதாரண மக்கள் தம் வீட்டை 'காசா' என்று அழைக்கலானார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் இன்றும் வீடு என்றால் 'காசா'தான். குடிசைக்கு இருந்த பெயர் எல்லாருடைய வீட்டுக்கும் பெயராயிற்று. மாளிகைச் சொல்லாகிய 'தோமுஸ்' கோயிலுக்குப் போய்விட்டது: இத்தாலியர் பேராலயத்தை 'துவோமோ' என்றும், ஜெர்மானியர் 'தோம்' என்றும் அழைக்கிறார்கள்.

போர்த்துக்கீசியர் நம் கரைக்கு வந்தபோது 'காசா' நம்மிடம் ஒட்டவில்லை. வீட்டுக்குள் இருக்கும் பொருள்களின் பெயர்கள் ஒட்டின. மேசை, சன்னல், அலமாரி, சாவி ஆகிய நான்கும் அவர்கள் வழியாக வந்தவை. நான்குக்கும் வேர் இலத்தீன். லைன் வீட்டு அம்மா சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொள்ளும்போது ஓர் இலத்தீன் சொல்லையும் சேர்த்தே முடிந்துகொள்கிறார்.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். ஓசூரில் ஒரு தெருமுனையில் காது கொடுத்து நின்றால் மூன்று மொழி கேட்கும். தெலுங்கு பேசும் அக்கா 'இல்லு' என்பார். கன்னடம் பேசும் பெரியவர் 'மனெ' என்பார். நாம் 'வீடு' என்போம். ஆனால் இந்த மூன்றும் தமிழிலேயே உண்டு. 'இல்' நம் பழஞ்சொல். இல்லம், இல்லறம், இல்லாள் எல்லாம் அதன் பிள்ளைகள். 'மனை' நம் சொல். மனைவி என்ற சொல் அதில் பிறந்தது, மனை விற்பனைக்கு என்ற பலகை நெடுஞ்சாலை ஓரமெங்கும் நிற்கிறது. அண்டை வீட்டார் வேறு மொழி பேசுகிறார் என்று நினைக்கிறோம். அவர் வீட்டின் பெயர் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

'வீடு' என்பதோ 'விடு' என்ற வினையிலிருந்து வந்தது. பற்றும் கட்டும் விட்டு விடுதலை பெறுவதையும் நம் முன்னோர் வீடு என்றே சொன்னார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்குப் பழைய பெயர் பாராமகால், அதாவது பன்னிரண்டு மகால். 'மகால்' என்ற அரபுச் சொல்லின் வேருக்கு, கட்டை அவிழ்த்து இறங்கித் தங்குதல் என்று பொருள். பயணி ஒட்டகத்தின் சுமையை அவிழ்த்து வைக்கும் இடமே மகால். தமிழும் அரபும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன: நாள் முழுக்கச் சுமந்ததை எங்கே விடுகிறோமோ அதுதான் வீடு. சம்பளம் வந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, மிச்சத்தில் மாதத்தை ஓட்டும் குடும்பம் தன் களைப்பை எங்கே இறக்கி வைக்கிறது? அந்த லைன் வீட்டில்தானே?

நம் ஊரின் பெயரையும் எண்ணிப் பாருங்கள். கன்னடத்தில் 'ஹொச ஊரு' என்றால் புதிய ஊர். அதுவே ஓசூர். புதிதாக வந்தவர்கள் குடியேறி உருவாக்கியதைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் இது. இந்த மண்ணை ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1792-இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையில் பாராமகால் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போனது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பக்கமும் போனது. பிறகு சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம். திருச்சபையின் எல்லைகளும் அப்படியே. புதுச்சேரி, கும்பகோணம், மைசூர்ப் பகுதிகளிலிருந்து 1930-இல் சேலம் மறைமாவட்டம் பிறந்தது. அதிலிருந்து 1997-இல் நம் தருமபுரி மறைமாவட்டம் பிறந்தது. நகராமலே ஒரு வீடு இத்தனை ஆட்சிகளைக் கண்டிருக்கிறது.

அதன்பின் தொழிற்சாலைகள் வந்தன. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை. 1980-களில் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள். திருவண்ணாமலை, சேலம், வேலூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இன்று ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். காலையில் ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போய், இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் இரண்டு மாநிலத்தில் வாழ்கிறார்கள். கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரவில் ஓசூர்ப் பேருந்து நிலையத்தைப் பார்த்தால், ஊரே "ஊருக்கு"க் கிளம்பியது போலிருக்கும்.

இந்த மக்களுக்குத் திருச்சபை என்ன பெயர் வைத்திருக்கிறது? 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகப் பேசுகிறது. 'தோமுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்த 'தொமிசீலியும்', அதாவது நிலையான இருப்பிடம், இரண்டு வழியில் கிடைக்கும்: ஒரு பங்கின் எல்லைக்குள் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியேறினால் அன்றே, அந்த எண்ணம் இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்டுகள் முழுமையாக வாழ்ந்துவிட்டால் தானாகவே. மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, மூன்று மாதம் உண்மையில் தங்கிவிட்டாலோ, தற்காலிக இருப்பிட உரிமை கிடைக்கும். இந்த இரண்டில் எது இருந்தாலும் அந்த இடத்துப் பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தை. எங்குமே இருப்பிடம் இல்லாமல் அலைகிறவருக்கு? அவர் இப்போது எங்கே தங்கியிருக்கிறாரோ, அந்த இடத்துப் பங்குத்தந்தையே அவருடைய பங்குத்தந்தை. பங்குத்தந்தை இல்லாத கத்தோலிக்கர் என்று ஒருவரையும் சட்டம் விட்டுவைக்கவில்லை.

நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டமும், இந்தியக் குடிமகன் யார் என்று 5-ஆம் பிரிவில் சொல்லும்போது, இதே இலத்தீன் வேரில் வந்த ஆங்கிலச் சொல்லைத்தான் கையாள்கிறது. அங்கேயும் ஐந்து ஆண்டு வசிப்பு ஒரு கணக்காக வருகிறது. சொந்த மண்ணில் பிறந்தால் மட்டுமே உரிமை என்று இரண்டு சட்டமும் சொல்லவில்லை.

பதினேழு ஆண்டு வாழ்ந்த அந்த அம்மாவின் கணக்கைப் பாருங்கள். சட்டப்படி அவர் இந்தப் பங்கின் மகளாகிப் பன்னிரண்டு ஆண்டு கடந்துவிட்டது. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. அவர் ஊரை மறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவருக்கு ஓர் இடத்தில் நிலையான இருப்பிடமும் இன்னோர் இடத்தில் தற்காலிக இருப்பிடமும் இருக்கலாம். அப்படியானால் இரண்டு பங்கும் அவர் பங்கே.

'பங்கு' என்ற சொல்லையும் சற்று நின்று பார்ப்போம். தமிழில் பங்கு என்றால் பாகம், உரிமையோடு கேட்கத்தக்க பாகம். இலத்தீனில் பங்குக்குப் பெயர் 'பரோக்கியா'; கிரேக்கத்தில் 'பரோய்க்கியா'. 'ஒய்க்கோஸ்' என்றால் வீடு, 'பரா' என்றால் அருகில். ஊரின் குடியுரிமை இல்லாமல், ஊராரின் வீடுகளுக்கு அருகே ஒதுங்கி வாழ்ந்த வெளியூர்க்காரனுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் 'பரோய்க்கோஸ்'. பேதுருவின் முதல் திருமுகம் கிறிஸ்தவர்களை இந்தப் பெயரால் அழைக்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமைத் திருச்சபை கொரிந்துத் திருச்சபைக்குக் கடிதம் எழுதியபோது, தன்னை ரோமையில் தற்காலமாகத் தங்கியிருக்கும் சபை என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் கூடும் இடம் என்பதுதான் பங்கு என்ற அமைப்புக்கு முதற்பொருள்.

இதைக் கேட்டால் நம்மில் இரண்டு தரப்பினருக்கு மனம் உறுத்த வேண்டும். இன்னும் இங்கே வெளியாள் என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு ஒன்று: வெளியாள் என்பது பங்கில் சேரத் தடை அல்ல, அதுவே தகுதி. தலைமுறைகளாக இங்கே இருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று: திருவிழாக் கமிட்டியிலும் அன்பியக் கூட்டத்திலும் நேற்று வந்தவர் என்று ஒருவரைத் தள்ளி வைக்கும்போது, பங்கு என்ற சொல்லையே தள்ளி வைக்கிறோம்.

ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம் பெண்கள் சேர்ந்து நிற்பார்கள். பூசை முடிந்ததும் யாரோடும் பேசாமல் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களில் ஓராவோன் மக்களின் தாய்மொழி குடுக். அது தமிழைப் போலவே திராவிட மொழி; கண்ணுக்கு அவர்கள் சொல்லும் சொல், நம் 'கண்' என்ற சொல்லுக்குச் சொந்தம். இந்திக்காரப் பிள்ளைகள் என்று நாம் ஒதுக்கும் பிள்ளைகள், சொல்லின் உறவில் நம் தூரத்துச் சொந்தக்காரர்கள். நற்கருணைக்குமுன் நூற்றுவர் தலைவரின் சொற்களை நாம் எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம். இலத்தீன் 'தெக்தும்' என்று கூரையைச் சொல்லும் இடத்தில் நம் தமிழ்ச் செபம் இல்லம் என்கிறது. அந்தத் தலைவரும் பிறர் நாட்டில் பணியாற்றிய அயலாரே. அவர் தமக்குத் தகுதியில்லை என்றார்; ஆண்டவரோ அவரிடம் கண்ட நம்பிக்கையை வியந்தார்.

முதல் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் கட்டடம் இல்லை, வீடுகளில் கூடினார்கள். யூப்ரத்தீசு நதிக்கரையில் தூரா எவுரோப்போஸ் என்ற எல்லைக் காவல் நகரில், மூன்றாம் நூற்றாண்டில் ஒரு சாதாரண வீட்டின் நடுச்சுவரை இடித்து, கூடிச் செபிக்கப் பெரிய அறை ஆக்கி, இன்னோர் அறையில் திருமுழுக்குத் தொட்டி அமைத்திருந்தார்கள். 1930-களில் அகழாய்வில் அது வெளிப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தபோது இந்தப் பழைய வழியைத்தான் நினைவூட்டியது. நம் காலத்திலும் ஒரு சாட்சி உண்டு. 2013-இல் திருத்தந்தையான பிரான்சிஸ், திருத்தந்தையர் மாளிகைக்குக் குடிபோகாமல், 'தோமுஸ் சாங்த்தே மார்த்தே' என்ற விருந்தினர் இல்லத்திலேயே தங்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 2025 ஏப்ரல் 21 அன்று அங்கேயே இறைவனடி சேர்ந்தார். வருவோரும் போவோரும் தங்கும் இடம்தான் அவருக்குத் 'தோமுஸ்'.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த வாரமே உங்கள் குடும்பத்தின் பெயரைப் பங்குக் குடும்பப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சொந்த வீட்டில் இருப்பவர்கள், வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் கடைசி வரிசைக்குப் போய் ஒருவரிடமாவது பெயர் கேளுங்கள். எந்த ஊர் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அன்று அந்த வாசலில் இவ்வளவையும் நாங்கள் விளக்கவில்லை. "ஊர்ல கட்டுற வீட்டையும் மந்திரிப்பாங்கம்மா. இன்னைக்கு ராத்திரி பிள்ளைங்க எங்க தூங்கும்?" என்று மட்டும் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிய கணவரை எழுப்பினார், பிள்ளைகளைக் கூப்பிட்டார், ஒரு தட்டில் மெழுகுதிரி ஏற்றிக் கொண்டுவந்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவும் வந்து வாசலில் நின்றார். பத்துக்குப் பத்து அறை; எல்லாரும் நெருங்கித்தான் நிற்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்கும் அதில் குடியிருக்கும் எல்லாருக்கும் அமைதி கேட்டுத் தீர்த்தம் தெளித்தோம்.

அதே அமைதி, சொந்த வீடோ வாடகை வீடோ ஹாஸ்டல் அறையோ, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லாருடைய இல்லத்திலும் தங்குவதாக. ஆமென்.